மொட்டை மாடியில் வெயில், குளியலறையில் கீசர்... வெந்நீருக்கு உங்கள் வீடு எவ்வளவு செலவழிக்கிறது?

சித்திரை மாதப் பிற்பகலில் ஆவடியிலோ அம்பத்தூரிலோ குழாயைத் திறந்தால் கை சுடும். மொட்டை மாடியில் நிற்கும் கறுப்பு டேங்க் காலையிலிருந்து வெயிலைக் குடித்துக்கொண்டிருக்கும். பச்சைத் தண்ணீரில் குளிக்க ஆசைப்படுகிறவர்கள் விடியற்காலையிலேயே பக்கெட்டில் பிடித்துவைக்க வேண்டும். அதே குழாய் மார்கழியில் காலை ஐந்தரை மணிக்கு வேறு மாதிரி நடந்துகொள்ளும். பாட்டிக்கு மூட்டுவலி, பேரனுக்குச் சளி, ஏழு மணிக்குப் பள்ளி வேன். யாருக்கும் யோசிக்க நேரமில்லை. கை தானாக கீசர் சுவிட்சுக்குப் போகிறது.

இரண்டு மாதம் கழித்து இ.பி. கணக்கெடுப்பு வரும்போதுதான் வீட்டில் பேச்சு தொடங்குகிறது. ‘ஏ.சி.யே போடலையே, எப்படி இவ்வளவு வந்துச்சு?’ அப்போது யாராவது ஒருவர், ‘பேசாம சோலார் ஹீட்டர் போட்டுடலாம்’ என்பார். வருடத்தில் பெரும்பாலான நாள் வெயில் கொளுத்தும் ஊரில் தண்ணீரைச் சுடவைக்கக் கரன்டுக்குக் காசு கொடுப்பது அபத்தம்தானே என்று தோன்றும். ஆனால், சென்னையின் மேற்குப் புறநகரில் இந்தக் கணக்கு அவ்வளவு நேரானது இல்லை. சில வீடுகளுக்குச் சோலார் ஹீட்டர் நான்கைந்து ஆண்டில் முதலைத் திருப்பித் தரும். சில வீடுகளில் பத்தாண்டு கழிந்தும் தராது. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு பக்கெட் தண்ணீரிலிருந்து தொடங்கலாம்.

ஒரு பக்கெட்டின் விலை

ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பத்தை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கிலோகலோரி வேண்டும். ஒரு யூனிட் மின்சாரத்தில் 860 கிலோகலோரி இருக்கிறது. பள்ளியில் படித்தது அவ்வளவுதான், மீதி கூட்டல் பெருக்கல்.

மார்கழி விடியலில் டேங்க் தண்ணீர் சுமார் 24 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடம்புக்கு இதமான வெந்நீர் 42 டிகிரி. 20 லிட்டர் பக்கெட் ஒன்றை 18 டிகிரி உயர்த்த 360 கிலோகலோரி, அதாவது 0.42 யூனிட். நான்கு பேர் ஆளுக்கொரு பக்கெட் குளித்தால் நாளுக்கு 1.7 யூனிட். 60 நாளைக்கு சுமார் 100 யூனிட்.

இந்த 100 என்ற எண் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரிந்த எண். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எல்லா வீட்டு இணைப்புக்கும் அரசு தரும் இலவச யூனிட் அதே அளவுதான். ஷவரைத் திறந்துவைத்துக் குளிப்பவர்கள் வீட்டில் இருந்தால் இந்தக் கணக்கை இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம்.

அதே சமயம், கீசரில் செலவாகும் யூனிட் எந்த விலைக்கு வருகிறது என்பது முக்கியம். மின் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 2024 ஜூலையில் மாற்றியமைக்கப்பட்ட பட்டியல்படி, இரண்டு மாதத்தில் 400 யூனிட்டைத் தாண்டினால் அடுத்த 100 யூனிட்டுக்கு, யூனிட் ஒன்றுக்கு 6 ரூபாய்க்கு மேல். 500-ஐத் தாண்டினால் 8 ரூபாய்க்கு மேல். அதோடு விட்டால் பரவாயில்லை. 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் பாதி விலைச் சலுகை, மொத்தம் 500-க்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான். 501-வது யூனிட்டில் அது பறிபோகிறது. அந்த ஒரு யூனிட்டால் மட்டும் 200 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் ஏ.சி. ஓடாமலேயே பில் எகிறும் வீடுகள், கீசர் தங்களை இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளியதா என்று ஒரு முறை பழைய பில்லைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

முதலில் வெளியேற வேண்டியது

வெந்நீர் விஷயத்தில் சிக்கனம் பேசும்போது எல்லோரும் முதலில் திட்டுவது தண்ணீருக்குள் போடும் ராடை. உண்மையில் அது மின்சாரத்தை வீணடிப்பதில்லை. போட்ட கரன்ட் அத்தனையும் தண்ணீருக்குள்தான் போகிறது. ராட் வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு, அது உயிர் சம்பந்தப்பட்டது. சூடானதும் தானாக நிற்காது. ஈரத் தரை, இரும்பு வாளி, நில இணைப்பு இல்லாத பிளக், ‘சூடாயிடுச்சா’ என்று விரலை விட்டுப் பார்க்கும் பழக்கம் எல்லாம் ஒரே இடத்தில் சேர்கின்றன. வாடகை போர்ஷன்களில் இன்றும் இதுதான் மலிவான வழி. விட முடியாதவர்கள், ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ராட், மூன்று முனை பிளக், பிளாஸ்டிக் பக்கெட் ஆகிய மூன்றையாவது உறுதிசெய்துகொண்டு, சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும். வீட்டின் மெயின் போர்டில் மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்பது வாடகைக்கு இருப்பவரின் உரிமை.

கேஸ் கீசருக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். காற்றோட்டம் இல்லாத குளியலறைக்குள் அதைப் பொருத்திக் கதவைச் சாத்திக்கொண்டு குளித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மயக்கம் வருவதே தெரியாமல் உயிர் போகும். கருவி குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்தில் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

அடுப்பில் பாத்திரம் வைத்துக் காய்ச்சுபவர்களும் உண்டு. ஒரு பக்கெட்டுக்குத் தோராயமாக 50 கிராம் கேஸ் போகும். நான்கு பேர் குளித்தால் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று, சமையலே செய்யாமல், 70 நாளில் காலி. கொதிக்கும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு சமையலறையிலிருந்து குளியலறைக்கு நடக்கும் ஆபத்து தனி. ஒரு காலத்தில் நடுத்தர வீடுகளின் கொல்லையில் செம்பு பாய்லர் இருந்தது. நடுக்குழாயில் கரியும் தேங்காய் ஓடும் போட்டால் வீடு முழுக்க வெந்நீர். கொல்லையே இல்லாத அடுக்குமாடி வீடுகளில் அந்தப் பாய்லர் இன்று வரவேற்பறையில் அலங்காரப் பொருளாக நிற்கிறது.

கீசரில் நட்சத்திரம் எதைச் சொல்கிறது?

கடைக்காரர் ‘ஃபைவ் ஸ்டார்’ என்று காட்டும் கீசர், த்ரீ ஸ்டாரைவிடக் குறைந்த கரன்டில் தண்ணீரைச் சுடவைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தண்ணீரைச் சுடவைக்க இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே கரன்ட்தான். சூடான தண்ணீர் தொட்டிக்குள் சும்மா நிற்கும்போது 24 மணி நேரத்தில் எவ்வளவு வெப்பம் வெளியே கசிகிறது என்பதைத்தான் அந்த நட்சத்திரம் அளக்கிறது. ஆகவே காலையில் போட்டு, வரிசையாகக் குளித்து, உடனே அணைத்துவிடும் வீட்டில் கூடுதல் நட்சத்திரத்தால் பெரிய லாபமில்லை. நாள் முழுக்க ஆன் செய்தே வைத்திருக்கும் வீட்டில் அது அவசியம். அப்படி வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் மார்கழியில் 60 டிகிரிக்குச் சூடாக 20 நிமிடம் போதும். அதில் பச்சைத் தண்ணீர் கலந்தால் ஒன்றரை பக்கெட் குளியல் நீர் கிடைக்கும். ‘ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு யூனிட் போச்சு’ என்பதும் தவறான பயம். தெர்மோஸ்டாட் நடுவில் அணைத்துவிடும். வீணாவது வேறு இடத்தில். ஒருவர் ஆறு மணிக்கும் இன்னொருவர் எட்டரைக்கும் குளித்தால் இடையில் தண்ணீர் ஆறி மறுபடி சூடாகிறது. கடைசியில் குளித்தவர் அணைத்த பிறகும் 15 லிட்டர் வெந்நீர் யாருக்கும் பயன்படாமல் உள்ளே ஆறுகிறது. கடைசி ஆள் உள்ளே போகும்போதே சுவிட்சை அணைத்துவிட்டால் அவருக்கும் சூடு கிடைக்கும், மீதமும் இருக்காது. காசு செலவில்லாத சிக்கனம் இது ஒன்றுதான்.

போர் தண்ணீர் வரும் தெருக்களில் இன்னொரு தொல்லை உண்டு. பக்கெட் விளிம்பில் படியும் அதே வெள்ளை உப்பு கீசரின் ஹீட்டிங் காயிலிலும் படிகிறது. மேலே உப்பு ஓடு கட்டிய காயில் மெதுவாகச் சூடாக்கும், சீக்கிரம் எரிந்தும் போகும். உள்ளே இருக்கும் மெக்னீசியக் கம்பி தொட்டியைத் துருவிலிருந்து காப்பாற்றத் தன்னைக் கரைத்துக்கொள்வது. உப்புத் தண்ணீரில் அது வேகமாகக் கரையும். ஆண்டுக்கொரு முறை சர்வீஸில் இரண்டையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பெங்களூருக்குப் பொருந்தியது இங்கே?

சோலார் ஹீட்டருக்கு இந்தியாவில் பெயர்போன ஊர் பெங்களூரு. அங்கே மாடிக்கு மாடி கண்ணாடிக் குழாய்கள் மின்னும். 2007-லிருந்து புதிய வீடுகளுக்கு அது கட்டாயமாக்கப்பட்டது, வைத்திருப்பவர்களுக்கு மின் கட்டணத்தில் தள்ளுபடியும் கிடைத்தது. ஆனால் சட்டத்தைவிடப் பெரிய காரணம் அந்த ஊரின் காலைக் குளிர். அங்கே ஏறக்குறைய ஆண்டு முழுக்க வெந்நீர் தேவை. சென்னையில் ஜனவரியிலேயே குறைந்தபட்ச வெப்பநிலை 20, 21 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. வெந்நீருக்கு ஏங்கும் காலம் ஐப்பசியில் தொடங்கி மாசியோடு முடிகிறது. அந்த ஐந்து மாதத்தில் பாதி, வடகிழக்குப் பருவமழை மேகம். வெயில் அதிகமுள்ள மாதத்தில் வெந்நீர் வேண்டாம், வெந்நீர் வேண்டிய மாதத்தில் வெயில் குறைவு. சோலார் ஹீட்டர் விற்பவர்கள் இந்த ஊரில் அதிகம் பேசாத விஷயம் இதுதான்.

இரண்டு வீடுகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சோலார் ஹீட்டர், ஸ்டாண்டு, பைப் வேலை எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வீடு கொரட்டூரில் கணவன், மனைவி, கல்லூரியில் படிக்கும் பிள்ளை. மூன்று பேரும் நான்கு மாதம் மட்டும் வெந்நீரில் குளிப்பவர்கள். மழைநாளில் எப்படியும் கரன்ட் வேண்டும். மிச்சமாகும் யூனிட் ஆண்டுக்கு 100-ஐ ஒட்டித்தான். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்றாலும் 600, 700 ரூபாய். முதலைத் திரும்ப எடுப்பதற்குள் கருவியே பழசாகிவிடும்.

இரண்டாவது வீடு பட்டாபிராமில். கீழே தாத்தா, பாட்டி, மேலே மகன் குடும்பம், கைக்குழந்தை ஒன்று. பெரியவர்களுக்கு ஆடி மாதத்திலும் வெந்நீர்தான். பாத்திரம் கழுவவும் குழந்தைத் துணிக்கும் கொஞ்சம் சுடுநீர். நாளுக்கு 2 யூனிட், மழைநாள் போக ஆண்டில் 300 நாள் என்றால் 600 யூனிட். பில் 500-ஐத் தாண்டும் வீடு என்பதால் அதன் மதிப்பு 5,000 ரூபாய்க்கு அருகில். ஐந்தாண்டில் முதல் வந்துவிடும். இந்த வீட்டுக்குச் சோலார் ஹீட்டரைத் தாராளமாகச் சிபாரிசு செய்யலாம். பெண்கள் விடுதி, முதியோர் இல்லம், அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள மேன்ஷன் போன்ற இடங்களுக்கு இன்னும் பொருத்தம்.

இந்தப் புறநகர்களில் மூன்றாவது வகை வீடும் நிறைய இருக்கிறது. வீட்டுக்காரர் மேலே, கீழே இரண்டு மூன்று போர்ஷன்களில் வாடகைக் குடித்தனம், ஒவ்வொருவருக்கும் தனி மீட்டர். மாடியில் ஹீட்டர் போடுகிற செலவு ஒருவருக்கு, பில் குறைவது இன்னொருவருக்கு. அதனால் யாரும் போடுவதில்லை. வாடகையில் நூறு, இருநூறு கூட்டிக்கொண்டு வெந்நீர் லைன் தருவதாகப் பேசிக்கொண்டால் இருவருக்குமே கட்டுப்படியாகும். அடுக்குமாடிகளில் மொட்டை மாடி பொதுச் சொத்து, சங்கத்தின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் ஒரு ஸ்டாண்டுகூட நிறுத்தக் கூடாது.

போடுவதென்று முடிவானால்...

வீடுகளுக்கு அதிகம் விற்பது கண்ணாடிக் குழாய் வகை. ஒவ்வொரு குழாயும் இரட்டைச் சுவர் கொண்டது, நடுவில் காற்று நீக்கிய வெற்றிடம். ஃபிளாஸ்க் காபியைச் சூடாக வைத்திருக்கும் அதே தத்துவம். உள்சுவரின் கரும்பூச்சு வெயிலை வாங்கி நீருக்குத் தருகிறது. சூடான நீர் லேசாகி மேலே உள்ள தொட்டிக்கு ஏறும், குளிர்ந்தது கீழிறங்கும். மோட்டார் தேவையில்லை. இன்னொரு வகை, செம்புத் தகடு வைத்த தட்டைப் பெட்டி. உறுதியானது, ஆனால் அதன் மெல்லிய செம்புக் குழாய்களை உப்புத் தண்ணீர் அடைத்துவிடும். போர் தண்ணீர் மட்டுமே உள்ள வீட்டுக்குத் தட்டை வகையை வாங்கினால், வீட்டுத் தண்ணீர் தகட்டுக்குள் போகாத ‘ஹீட் எக்ஸ்சேஞ்சர்’ மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும்.

நாளுக்கு 100 லிட்டர் கொள்ளளவு ஐந்து பேருக்குப் போதும். வெயில் நாளில் 60 டிகிரிக்கு வரும் 100 லிட்டரில் பச்சைத் தண்ணீர் கலந்தால் 200 லிட்டர் குளியல் நீர். பெரிய அளவை விற்பனையாளர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லலாம்.

பிளம்பர் வந்ததும் பார்க்க வேண்டிய முதல் அளவு உயரம். பம்ப் இல்லாத முறையில் பச்சைத் தண்ணீர் டேங்கின் அடிப்பாகம், சோலார் தொட்டியின் மேல்பாகத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும். பழைய வீடுகளில் டேங்க் மாடித் தளத்திலேயே உட்கார்ந்திருக்கும். அதைத் தூக்கி வைக்கும் செலவைப் பலர் கடைசி நாளில்தான் கேள்விப்படுகிறார்கள்.

அடுத்தது நிழல். குழாய்கள் தெற்கு நோக்கி, குளிர்கால வெயிலுக்காகச் சற்றே கூடுதலாக 20, 25 டிகிரி சாய்வில் நிற்க வேண்டும். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து தாழ்வாகப் போகும். ஜூனில் நிழல் விழாத இடத்தில் டிசம்பரில் பக்கத்து வீட்டு மூன்றாவது மாடியின் நிழல் விழலாம். தெற்கே காலி மனை இருந்தால், நாளை அங்கே என்ன எழும்பும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

பைப் நீளத்தை யாரும் கவனிப்பதில்லை. முக்கால் அங்குலப் பைப்பில் மீட்டருக்கு 0.3 லிட்டர் நிற்கும். மாடியிலிருந்து கீழ்த்தளக் குளியலறைக்கு 15 மீட்டர் என்றால், வெந்நீர் வருவதற்குள் நான்கைந்து லிட்டர் பச்சைத் தண்ணீர் வெளியேறும். 2019-ல் செம்பரம்பாக்கம் வறண்டதைப் பார்த்த ஊர் இது. அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்து மிதியடி அலசவாவது வைக்க வேண்டும். வெந்நீர்ப் பைப்புக்கு மேல் கறுப்பு ஃபோம் உறை போடாவிட்டால் சூடு வழியிலேயே வீணாகும்.

மேல் டேங்க் காலியாகி, நண்பகலில் லாரித் தண்ணீர் வந்து மோட்டார் போடுகிற நாள்தான் கண்ணாடிக் குழாய்களுக்குக் கண்டம். வெறும் குழாய் வெயிலில் தகித்துக்கொண்டிருக்கும்போது பச்சைத் தண்ணீர் இறங்கினால் கண்ணாடி விரிசல் விடும். சோலார் லைனின் வால்வை மூடிவைத்து, மறுநாள் விடியலில் நிரப்ப வேண்டும்.

மே மாதத்தில் இந்தத் தொட்டியில் வருவது குளிக்கும் நீரல்ல, கொதிநீர். குழந்தைகளும் பெரியவர்களும் இருக்கும் வீட்டில் பக்கெட்டில் எப்போதும் பச்சைத் தண்ணீரை முதலில் விட வேண்டும், அதற்குப் பிறகே வெந்நீர். கோடையில் பாதிக் குழாய்களைக் கோணி போட்டு மூடிவைக்கலாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது மாடியில் சும்மா நிறுத்தியிருந்தவை பறந்த கதையை யாரும் மறந்திருக்க முடியாது. ஸ்டாண்டின் கால்களைத் தளத்தோடு முடுக்க வேண்டும், முடுக்கிய இடத்தில் நீர்க்கசிவு பூச்சும் வேண்டும்.

மழைநாளுக்கென்று தொட்டிக்குள்ளேயே கரன்ட் காயில் வைத்துத் தருவார்கள். அதை ஆன் செய்து மறந்துவிட்டால் 100 லிட்டரையும் அது இரவில் சுடவைக்கும், ஒரே நாளில் 3 யூனிட்டுக்கு மேல். குளியலறையில் பழைய சிறிய கீசரை அப்படியே விட்டுவைத்து மழைநாளில் அதைப் பயன்படுத்துவது மேல்.

அதே மாடியில் இன்னொரு வழி

வெந்நீர் நான்கு மாதம் மட்டும் தேவைப்படும் அந்தக் கொரட்டூர் வீட்டுக்கு, மாடி வெயிலைப் பயன்படுத்த மின்சாரம் தரும் சோலார் பேனல் பொருத்தமானது. ஒரு கிலோவாட் பேனல் நல்ல வெயில் நாளில் சுமார் 4 யூனிட் தரும். கோடையில் அது ஏ.சி.க்குப் போகும், மார்கழியில் கீசருக்கும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்யா கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் என்று அறிவிக்கப்பட்டது. இந்த மானியம் மின்சாரப் பேனலுக்கு மட்டும். சோலார் வாட்டர் ஹீட்டருக்கு மத்திய அரசு தந்துவந்த மானியம் 2014-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. ‘கவர்ன்மென்ட் மானியம் இருக்கு’ என்று சொல்லி ஹீட்டர் விற்க வருபவரிடம் எந்தத் திட்டம் என்று எழுதிக் கேட்க வேண்டும்.

‘ஹீட் பம்ப்’ என்ற கருவியும் கடைகளில் கிடைக்கிறது. ஃபிரிட்ஜைத் திருப்பிப்போட்டது போல, வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குத் தள்ளும். ஒரு யூனிட் கரன்டில் மூன்று யூனிட் அளவு சூடு கிடைக்கும். காற்றே வெதுவெதுப்பான இந்த ஊர் அதற்கு ஏற்ற இடம், மேகமும் இரவும் அதைத் தடுப்பதில்லை. விலை கீசரைவிடப் பல மடங்கு, ஓடும்போது ஏ.சி.யின் வெளி யூனிட் மாதிரி இரையும், காற்றோட்டமான இடமும் வேண்டும். பத்துப் பேர் குளிக்கும் இடத்துக்குக் கட்டுப்படியாகும், மூன்று பேர் வீட்டுக்கு இப்போதைக்கு ஆடம்பரம்.

எதை முடிவு செய்தாலும் மாடி வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுவது நல்லது. ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் தளத்தில் துளை போடவும் முடியாது, பிளம்பரும் கையில் கிடைக்க மாட்டார்.